முதியோர் இல்லத்தில் மூட்டைப்பூச்சி: புகார் வராததே ஏன் கவலைக்குரியது

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரின் ரயில்களிலும் திரையரங்குகளிலும், பிறகு தென்கொரியாவின் விடுதிகளிலும் மூட்டைப்பூச்சி பரவியதாக வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு, அது எங்கோ புதிதாகக் கிளம்பிய தொல்லை என்ற எண்ணம் ஏற்பட்டிருக்கலாம். 2017 முதல் 2022 வரையிலான ஆண்டுகளில் பிரான்சின் குடும்பங்களில் 11 விழுக்காடு இந்தப் பூச்சியிடம் சிக்கியிருந்தன என்று அந்நாட்டு அரசின் நலப்பாதுகாப்பு முகமை 2023 ஜூலையில் அறிவித்திருந்தது. தமிழ்நாட்டில் இது புதிதாக வந்ததும் இல்லை, போய்த் திரும்பியதும் இல்லை. பழைய திரையரங்க நாற்காலி, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை, கல்லூரி விடுதிக் கட்டில் என்று தலைமுறைகளாக அது நம்மோடுதான் இருந்து வருகிறது.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத இடம் முதியோர் இல்லம். மூட்டைப்பூச்சி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் அரிது என்பதும், அதை ஒழிப்பதற்கு அதைவிடக் கடினமான இடமும் அரிது என்பதும் இல்லம் நடத்துபவர்களில் பலருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. "எங்களிடம் யாரும் கடிக்கிறது என்று சொல்லவில்லையே" என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் ஏன் செல்லாது என்பதையும், பூச்சி இருப்பது உறுதியானால் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பூச்சியின் இயல்பு

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு இனங்கள். குளிர்நாடுகளில் பரவலாக உள்ளது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற வெப்பநாடுகளில் பெரும்பாலும் காணப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வளர்ந்த பூச்சி, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பைப்போல் தட்டையாக, செம்பழுப்பாக, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். இறக்கை இல்லை, பறக்காது, குதிக்காது, நடக்க மட்டுமே செய்யும். முட்டை ரவைக் குருணை அளவில் வெள்ளையாக, பிசின் வைத்து ஒட்டியதுபோல் இடுக்குகளில் பதிந்திருக்கும்.

ஒழிப்பு வேலையைத் தீர்மானிப்பவை அதன் வாழ்க்கைச் சுற்றின் சில விவரங்கள்.

1. ஒரு பெண்பூச்சி நாளொன்றுக்கு 1 முதல் 5 முட்டைகள் வரையும், வாழ்நாளில் சில நூறு முட்டைகளும் இடும். முட்டை பொரிய 6 முதல் 10 நாட்கள் ஆகும். நம் வெப்பத்தில் அது விரைவாகவே நடக்கும்.

2. குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் முழுப் பூச்சியாகிறது. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கும் ஒருமுறையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். இரத்தம் தடையின்றிக் கிடைத்தால் முட்டையிலிருந்து முழுப் பூச்சிவரை ஐந்தாறு வாரங்கள் போதும்.

3. இரத்தம் குடிப்பது ஐந்து முதல் பத்து நிமிட வேலை. எஞ்சிய நேரமெல்லாம் அது இடுக்கில் ஒளிந்திருக்கும். உறங்குபவரின் மூச்சில் வரும் கரியமில வாயுவும் உடற்சூடும் அதை வெளியே இழுக்கின்றன.

4. உணவில்லாமல் குளிர்ந்த இடங்களில் பல மாதங்களும், நம் ஊர் வெப்பத்தில் வாரக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே அறையை ஒரு மாதம் பூட்டிவைத்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

5. கருவுற்ற ஒரே ஒரு பெண்பூச்சி ஒரு பெட்டியில் ஏறி வந்தாலும் புதிய கூட்டம் உருவாகிவிடும்.

அழுக்கு என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வேண்டியவை இடுக்கும் இரத்தமும் மட்டுமே. பளபளவென்று துடைத்த இல்லத்திலும் அது வாழும். பொருட்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் தேடுவது கடினம் என்பதைத் தவிர, தூய்மைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டுமன்று. அழுக்கின் அடையாளம் என்ற எண்ணம் இருக்கும்வரை பணியாளர்கள் பூச்சியைக் கண்டாலும் சொல்ல மாட்டார்கள்.

கடியும் அரிப்பும்

மூட்டைப்பூச்சி மனிதர்களிடையே நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது. வயது முதிர்ந்தவரின் தோல் மெல்லியது. சொறிந்த இடம் எளிதில் புண்ணாகும், நீரிழிவு இருந்தால் அந்தப் புண் ஆறத் தாமதமாகும். பூச்சி மிக அதிகமாகப் பெருகிய இடங்களில் முதியவர்களுக்கு இரத்தசோகையே ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. தூக்கம் கெடுவதால் பகலில் தள்ளாட்டமும், அதனால் விழுந்து எலும்பு முறியும் அபாயமும் கூடுகின்றன.

பலருக்கும் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. மூட்டைப்பூச்சியின் கழிவில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது; ஒவ்வாமையின்போது நம் உடலே சுரப்பதும் இதுதான். பூச்சி இருந்த குடியிருப்புகளின் தூசியில் இதன் அளவு, பூச்சி இல்லாதவற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக இருந்ததையும், பூச்சியை ஒழித்த பிறகும் அது குறையாமல் நீடித்ததையும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் தங்கும் அறையில் பூச்சியைக் கொன்றதோடு வேலை முடிவதில்லை, கறையையும் தூசியையும் துடைத்து அகற்ற வேண்டும் என்பது இதன் பொருள்.

முதியோர் இல்லங்களில் இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது சிரங்கு. சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி தோலுக்குள்ளேயே குடியிருப்பது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் அரிப்பு தொடங்கும். மூட்டைப்பூச்சி உடலில் குடியிருப்பதில்லை. போர்வைக்கு வெளியே தெரியும் கை, கழுத்து, முகம், கால் ஆகிய இடங்களில் கடித்துவிட்டுப் போய்விடும். சிரங்குக்குப் பூசும் களிம்பை மூட்டைக்கடிக்குப் பூசிப் பயனில்லை. சிரங்கு வந்த அறைக்கு மூட்டை மருந்து அடித்தும் பயனில்லை. கடித்தடத்தை மட்டும் பார்த்து எது என்று உறுதிசெய்ய மருத்துவராலும் இயலாத நேரங்கள் உண்டு. பூச்சியைக் கண்ணால் கண்டால்தான் உறுதி.

முதியோர் இல்லம் ஏன் தனி வகை

விடுதியில் பூச்சி வந்தால் அறையைக் காலிசெய்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். வீட்டில் வந்தால் குடும்பமே கூடித் தட்டிப் பார்க்கும். முதியோர் இல்லத்தில் இரண்டும் நடக்காது. காரணங்கள் இவை:

1. முதியவர்களில் பலருக்குக் கடித்த தடிப்பே தோன்றுவதில்லை. மூட்டைப்பூச்சி உள்ள வீடுகளில் வசித்தவர்களிடம் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் நடத்திய ஆய்வில், ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. 65 வயதைக் கடந்தவர்களில் அந்தப் பங்கு மேலும் அதிகம்.

2. தடிப்பு தோன்றினாலும் சொல்ல முடியாதவர்கள் உண்டு. மறதி நோய் உள்ளவர், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் ஆகியோரின் அரிப்பு அமைதியின்மையாகவே வெளிப்படும். அது தூக்க மாத்திரையால் அடக்கப்படும்போது பூச்சிக்கு இன்னும் வசதி.

3. சொல்லக்கூடியவர்களும் சொல்வதில்லை. தன்னால்தான் வந்தது என்பார்களோ, இடத்தைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், பிள்ளைகள் கட்டும் பணத்தில் தங்கியிருப்பவருக்கு இயல்பானது.

4. பகலிலும் படுக்கையிலேயே இருப்பவர்களால் பூச்சிக்கு இருபத்துநான்கு மணிநேரமும் உணவு கிடைக்கிறது.

5. சக்கர நாற்காலி, வாக்கர், துணிக்கூடை, பணியாளரின் பை ஆகியவை நாள் முழுவதும் அறைக்கு அறை நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பூச்சி நடக்கவே தேவையில்லை. நாமே சுமந்து செல்கிறோம்.

6. படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்பி வெளியேற்றி மருந்தடிப்பது எளிதன்று. ஆக்சிஜன் செறிவூட்டியில் மூச்சு விடுபவர் இருக்கும் தளத்தில் எந்த மருந்தையும் யோசித்தே பயன்படுத்த வேண்டும்.

முதல் மூன்று காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கடிபடுபவரே எச்சரிக்கை மணியாக இருக்கும் முறை இங்கே வேலை செய்யாது. புகார் எழும் நேரத்தில் பெரும்பாலும் கடிபட்டிருப்பவர் இரவுப்பணிக்கு வந்த இளம் பணியாளராகவோ, அப்பாவின் கட்டிலில் ஒரு மணிநேரம் அமர்ந்துவிட்டுப் போன மகளாகவோ இருப்பார். அதற்குள் பூச்சி மூன்று அறைகளைக் கடந்திருக்கும்.

எங்கே, எப்படித் தேடுவது

ஆகவே தேடிப் பார்ப்பது ஒன்றே வழி. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை: ஒரு டார்ச், பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்று, ஈரப் பஞ்சு, ஒட்டும் டேப். விரிப்பை மாற்றும் பணியாளரே வாரம் ஒருமுறை செய்யலாம். ஒரு கட்டிலுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

முதலில் தலைமாட்டுப் பக்கம். மெத்தையின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த மடிப்பை விரலால் விரித்து, அதற்குள் டார்ச் ஒளியைச் சாய்வாக விழச்செய்ய வேண்டும். பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைக்கவும். கறை செம்பழுப்பாக இழுகினால் அது செரித்த இரத்தம், மூட்டைப்பூச்சியின் கழிவு. சாதாரணத் தூசியோ பூஞ்சையோ அப்படி இழுகாது. அட்டையின் முனையை மடிப்புக்குள் விட்டு மெல்ல நகர்த்தினால் உரித்த தோல்கள் வெளிவரும். வெளிர்மஞ்சளாக, உள்ளே ஒன்றுமில்லாமல், பூச்சியின் வடிவத்திலேயே இருக்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கியது போன்ற, சற்றுக் குமட்டும் வாடை வரும். சிறுவயதில் மூட்டையை நசுக்கியவர்களுக்கு இந்த வாடையை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கட்டில். நம் இல்லங்களில் பெரும்பாலும் இருப்பது இரும்புக் குழாய்க் கட்டில். குழாயின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி சில ஆண்டுகளில் கழன்று விழுந்துவிடும். யாரும் அதைத் திரும்பப் போடுவதில்லை. அந்தத் திறந்த குழாய்தான் முதல்தரமான ஒளிவிடம். வெளியே எவ்வளவு மருந்தடித்தாலும் உள்ளே போகாது. சட்டமும் காலும் சேரும் வெல்டிங் இடுக்கு, திருகுத் துளை, பலகையின் அடிப்புறம், நாடா அல்லது வயர் பின்னிய நாற்காலியின் முடிச்சுகள், படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையின் மோட்டார்ப் பெட்டி, சக்கர நாற்காலியின் ரெக்சின் இருக்கை மடிப்பு ஆகியவையும் பார்க்க வேண்டியவை. பிறகு கட்டிலை ஒட்டிய சுவர்: காலண்டரின் பின்புறம், சாமி படச் சட்டம், சுவிட்சுப் பெட்டி, காரை வெடிப்பு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியையும் துணி மூட்டையையும் உரியவரின் அனுமதி கேட்டு, அவர் முன்னிலையிலேயே திறக்க வேண்டும். ஒரு மனிதருக்கு மிஞ்சியிருக்கும் உடைமை முழுவதும் அதற்குள் இருக்கக்கூடும்.

பூச்சி கிடைத்தால் நசுக்காமல் ஒட்டும் டேப்பில் எடுத்து, அறை எண்ணையும் தேதியையும் எழுதிவைக்க வேண்டும்.

கட்டில் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழக்கத்தைப் பற்றி இரண்டு சொல். அதன் நவீன வடிவமான வழுவழுப்பான பிளாஸ்டிக் பொறிக்கிண்ணம் குளிர்நாட்டு இனத்தை நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் இனத்தின் கால்களில் பற்று மயிர்கள் அதிகம் என்பதால் அது வழுவழுப்பான சுவரிலும் ஏறித் தப்புகிறது என்று மலேசிய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். வெளிநாட்டு இணையதளத்தைப் பார்த்து அதை வாங்கி வைத்துவிட்டு, ஒன்றும் விழவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் டெங்கு கொசு முட்டையிடும். மண்ணெண்ணெய் வைத்தால் தீப்பிடிக்கும்.

மருந்தடிப்பு ஏன் தோற்கிறது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. பரவலாகப் புழங்கியபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்றே மேலைநாடுகளில் நினைத்தார்கள். ஆனால் 1947-இலேயே ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பர் படைவீரர் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இந்தியாவில் 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கப்பட்டது, கொசுவுக்கு அடித்தது மூட்டைக்கும் பட்டது. பிழைத்தவற்றின் சந்ததியே பெருகியது. இதற்குப் பெயர் எதிர்ப்புத்திறன். இலங்கையில் பிடித்த வெப்பநாட்டு இனத்திலும் டி.டி.டி. எதிர்ப்பு உள்ளதை 2007-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்திருக்கிறது.

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தெளிப்பான்களில் இருப்பவை டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள். இவை நரம்பில் டி.டி.டி. தாக்கும் அதே இடத்தையே தாக்குபவை. ஆகவே அதை வென்ற பூச்சி இதையும் பெருமளவு வெல்கிறது. புகையாக வெளிவரும் டப்பாக்களின் நிலை இன்னும் மோசம். இடுக்குக்குள் அந்தப் புகை போவதே இல்லை என்பதால், வீடுகளிலிருந்து பிடித்த பூச்சிகளின்மீது அவை ஏறத்தாழப் பயனற்றவை என்று ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வு காட்டியது. முட்டையின் ஓட்டைப் பல மருந்துகள் ஊடுருவுவதும் இல்லை. ஒருமுறை அடித்துவிட்டுப் போனால் பத்து நாளில் புதிய குஞ்சுகள் கிளம்புவது இதனால்தான்.

பல இல்லங்கள் மாதாந்திரப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அது கரப்பான்பூச்சிக்கும் எறும்புக்குமானது. சமையலறை ஓரத்திலும் கழிவறை மூலையிலும் அடிக்கும் மருந்து, மெத்தை மடிப்புக்குள் இருக்கும் பூச்சியை எந்த வகையிலும் தொடாது. ஒப்பந்தம் இருப்பதால் மூட்டைப்பூச்சி வராது என்று எண்ணுவது பொய்யான பாதுகாப்பு.

பூச்சியைவிட ஆபத்தானவை

மூட்டைப்பூச்சியால் உயிர்போவது அரிது. அதை ஒழிக்கக் கையாளும் குறுக்குவழிகளால் உயிர்கள் போயிருக்கின்றன.

தானியக் கிடங்குகளில் வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில், பக்கத்துக் குடியிருப்பில் மூட்டைப்பூச்சிக்காக இந்த மாத்திரையை வைக்க, வாயு சுவர் இடுக்குகள் வழியே வந்து அடுத்த வீட்டுக் குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் உண்டு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் ஒரே வீட்டின் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். பொதுவான சுவரும் பொதுவான தாழ்வாரமும் கொண்ட இல்லத்தில் நுரையீரல் நலிந்தவர்கள் உறங்கும்போது இந்த மாத்திரைக்கு எந்த மூலையிலும் இடமில்லை. இந்தியாவில் அது பொதுமக்கள் விலைக்கு வாங்கக்கூடாத, கட்டுப்படுத்தப்பட்ட பொருளும்கூட.

முன்பு மூட்டைக்கென்றே பரவலாகத் தெளிக்கப்பட்ட டைகுளோர்வாஸ் மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய பாட்டில் ஏதேனும் பண்டக அறையில் கிடந்தால் அதைத் தேடி எடுத்து அகற்ற வேண்டும். "எங்களிடம் பழைய மருந்து இருக்கிறது, அதுதான் கேட்கும்" என்று யாராவது சொன்னால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து கட்டிலுக்கு அடிப்பதும் இதே வகை.

வெப்பம்: பழைய வழி, புதிய கணக்கு

எதிர்ப்புத்திறனால் வெல்ல முடியாதது வெப்பம். 48 பாகை செல்சியசில் முழுப் பூச்சி சில நிமிடங்களில் சாகும்; முட்டை சாக அதே சூட்டில் ஒரு மணிநேரத்துக்கும் மேலாகும். 50 பாகையைத் தாண்டிவிட்டால் எல்லாப் பருவமும் விரைவாக இறக்கும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் நம் வீட்டு வழக்கங்களில் எது கேட்கும், எது கேட்காது என்று பிரித்துவிடலாம்.

வெள்ளாவி வைப்பது முழுமையாகக் கேட்கும். 60 பாகை வெந்நீரில் துவைப்பதும், சூட்டு உலர்த்தியில் அரைமணிநேரம் ஓடவிடுவதும் அவ்வாறே. குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவைப்பதை நம்ப முடியாது. துவைக்கக் கூடாத பட்டுப் புடவை போன்றவற்றை இறுகக் கட்டி, மைனஸ் 18 பாகையில் உறையும் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம்; வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு அதற்கு உதவாது.

கொதிக்கும் நீரைக் கட்டில் குழாய்க்குள் ஊற்றுவது நம் பாட்டிமார் கண்ட வழி, இன்றும் சிறந்தது. கட்டிலை வெளியே கொண்டுபோய், மரச்சட்டம் இல்லாததாக இருந்தால், குழாயின் மேல்முனையில் ஊற்றிக் கீழ்முனையில் வெளிவரச் செய்ய வேண்டும். மொட்டைமாடி வெயில் பாதி கேட்கும். மெத்தையின் மேற்பரப்பு சுட்டாலும் நடுப்பகுதி சுடாது. பூச்சி அடிப்புற நிழலுக்கு இறங்கிவிடும். மெத்தைக்கும் சுவர் இடுக்குக்கும் ஏற்றது நீராவிக் கருவி. முனையை அவசரமின்றி, ஒரு சாண் நீளத்துக்கு ஏழெட்டு நொடி என்ற வேகத்தில் நகர்த்தினால்தான் உள்வரை சூடு இறங்கும். காற்று பீறிடும் முனையைப் பொருத்தினால் பூச்சி சாகாமல் சிதறி ஓடும். மின்பெட்டியின் அருகே நீராவி கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

வேலையின் வரிசை

1. பூச்சி உறுதியானதும் அந்த அறை, இருபக்க அறைகள், எதிர் அறை, மேல்தளம், கீழ்தளம் ஆகியவற்றை அன்றைக்கே சோதிக்க வேண்டும். தளப்படம் ஒன்றில் கண்ட இடங்களைக் குறிக்க வேண்டும்.

2. அறையிலிருப்பவரை உடனே வேறு அறைக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் பூச்சியும் உடன்செல்லும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் குளிக்கவைத்து, சூட்டில் துவைத்த உடையை அணிவித்து, பெட்டி படுக்கை எதுவுமின்றி, நீராவி காட்டிய சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்ல வேண்டும்.

3. துணிகளை அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, பையோடு சலவை இடத்துக்குக் கொண்டுபோய் வெந்நீரில் நேராகக் கவிழ்க்க வேண்டும். மார்போடு அணைத்து அள்ளிச் செல்லும் பழக்கம்தான் தாழ்வாரம் முழுவதும் விதைக்கிறது.

4. மெத்தை, கட்டில், சுவர் இடுக்குகளுக்கு வெப்பம். பிறகு குழாய் முனைகளை மூடி, வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். மெத்தைக்குப் பூச்சி புகாத ஜிப் உறை போட வேண்டும். கிழிந்த ரெக்சின் உறை, உறை இல்லாததைவிட மோசம்.

5. மருந்து தேவைப்பட்டால், பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்கீழ் உரிமம் பெற்றவரைக் கொண்டு, இடுக்குகளுக்கு மட்டும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிநேரம் கழித்து உள்ளே வரலாம் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். முதியவர் படுக்கும் பரப்பிலோ உடலிலோ ஒரு துளியும் படக்கூடாது. பூச்சியின் மெழுகுப் பூச்சைச் சுரண்டி உலர்த்திக் கொல்லும் சிலிக்காத் தூளுக்கு எதிர்ப்புத்திறன் ஒரு தடையன்று. ஆனால் அது காற்றில் பறந்து மூச்சில் ஏறாதபடி சுவிட்சுப் பெட்டியின் பின்புறம் போன்ற மூடிய வெற்றிடங்களில் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

6. 10 முதல் 14 நாட்களுக்குள் இரண்டாம் சுற்று கட்டாயம். முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் முட்டையிடும் வயதை எட்டுவதற்குள் முடிக்க வேண்டும். தேவையானால் மூன்றாம் சுற்று.

மெத்தையைத் தூக்கித் தெருவில் எறிவது இந்த வரிசையில் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்ற பழமொழியின் பொருள் இங்கே நேராகப் பொருந்துகிறது. கட்டிலின் குழாயில் பூச்சி இருக்கும்போது மெத்தையை மாற்றினால் புது மெத்தையும் ஒரு வாரத்தில் பழையதாகிவிடும். கிழிந்து பஞ்சு வெளியே தெரிவதை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, யாரும் எடுத்துச்செல்ல இயலாதபடி வெட்டி அகற்றலாம்.

யாரிடம் சொல்வது

எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. மூடிமறைத்தால் நன்கொடையாளர் முகம் சுளிக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் வாரந்தோறும் வந்துபோகும் பிள்ளைகள் தம் வீட்டில் பூச்சியைக் கண்டுபிடிக்கும் நாளில் அதைவிடப் பெரிய பேச்சு கிளம்பும். என்ன கண்டோம், எந்தத் தேதியில் என்ன செய்கிறோம், பார்க்க வருபவர் பையைத் தரையில் வைக்காமல் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று அரைப்பக்கக் கடிதம் போதும். பணியாளர்களுக்கு ஓர் உறுதியைத் தர வேண்டும்: கண்டு சொன்னவருக்குத் தண்டனை இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை, அவர் வீட்டுக்குப் பூச்சி போயிருந்தால் அதை ஒழிக்கவும் இல்லம் உதவும். அந்தக் கடைசி உதவி இல்லாவிட்டால் அங்கிருந்து பூச்சி மறுபடி இங்கேயே வரும்.

புதிதாகச் சேர்பவரின் பெட்டியை வாசலிலேயே பிரித்து, துணியைச் சூட்டில் துவைத்துவிட்டு உள்ளே அனுப்புவது எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும். சிலரிடம் மட்டும் கேட்டால் அது அவமதிப்பாகும்.

ஒழிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? இரண்டாம் சுற்று முடிந்ததும் பழைய கறைகளை எல்லாம் துடைத்துவிட வேண்டும். அப்போதுதான் புதிய புள்ளி எது என்று தெரியும். அதன்பிறகு வாரம் ஒருமுறை அதே டார்ச், அதே அட்டை, அதே மடிப்பு. உயிருள்ள பூச்சியோ புதிய கரும்புள்ளியோ கடைசியாகக் கண்ட நாளிலிருந்து எட்டு வாரம் வெறுமையாகக் கழிந்தால் அந்த அறையின் குறியைத் தளப்படத்திலிருந்து நீக்கிவிடலாம். ஏழாவது வாரத்தில் ஒரே ஒரு புள்ளி தென்பட்டாலும் எண்ணிக்கை அன்றிலிருந்து மறுபடி ஒன்று.